முள் ஏறும் இடம்

அவர் வீட்டில் பால் அடிக்கடி திரிந்துபோகும். எழுபத்தாறாம் வருடக் கோடையில் அந்த வீட்டு மாடிக்குக் குடிவந்தபோது அவரைப் பற்றி நான் முதலில் தெரிந்துகொண்டது இதைத்தான். காலையில் கீழேயிருந்து குரல் வரும். "பாலைப் பாத்தியா? தண்ணி மட்டுமில்ல, நேத்துப் பாலையும் கலந்து ஊத்திட்டுப் போயிருக்கான்." அந்தப் பால்காரரை நிறுத்தினார். அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிளில் வந்த இன்னொருவரை வைத்தார். அவரையும் நிறுத்தினார். மூன்றாவது ஆள் வந்த பிறகு பால் திரியவில்லை.

"ஆளை மாத்தினேன், சரியாப் போச்சு. பாத்தீங்களா தம்பி?" என்றார் என்னிடம்.

சில நாள் கழித்து மாடியில் மிளகாய் காயவைக்க வந்த அவர் மனைவி, நான் கேட்காமலே சொன்னார். "அது அவங்க அம்மா வெச்சிருந்த சொம்புங்க. அடியில ஒட்டு விட்டுப்போச்சு. எவ்ளோ தேச்சாலும் அந்த இடுக்குல பழைய பால் தங்கிடும். மூணாவது ஆள் வந்த அன்னிக்கு அதைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டேன்."

"சார்கிட்ட சொல்லலியா?"

"எதுக்கு?" என்று மிளகாயைக் கையால் பரப்பிக்கொண்டே கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த வீட்டில் பத்து வருடத்துக்கு மேல் குடியிருந்த பிறகு இப்போது தெரியும். ஆனால் சொன்னால் கேட்க அந்த அம்மாள் இல்லை.

எங்கள் தெரு செங்கம் ரோட்டிலிருந்து பிரிந்து மலைப் பக்கமாகப் போவது. தெருவில் அவரை மிலிட்டரிக்காரர் என்பார்கள். துப்பாக்கி பிடித்தவர் அல்ல. பட்டாளத்தின் ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ரயிலில் வந்து இறங்கும் பெட்டிகளைத் திறந்து, உள்ளே இருக்கும் சாமான்களை அளந்து, சரியாக இருந்தால் உள்ளே எடுப்பதும், இல்லையென்றால் சிவப்பு மையில் முத்திரை குத்தித் திருப்பி அனுப்புவதும் அவர் வேலை. அதை அவர் நன்றாகச் செய்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதைச் செய்து முடிக்கவே இல்லை என்பதுதான் கஷ்டம்.

"உள்ள இருக்கிறதுல கோளாறு இருக்காது தம்பி. அது ஏற்கெனவே பாத்து எடுத்தது. வெளியில இருந்து வர்றதுலதான் இருக்கும்" என்பார். சொல்லும்போது வலது ஆள்காட்டி விரல் தானாகவே வாசல் கேட்டைக் காட்டும். அவருக்குத் தலைவலி வந்தால் அது சந்தைக் கத்தரிக்காயால் வந்தது. சுவர்க் கடிகாரம் பின்தங்கினால் அது ரேடியோவில் நேரம் சொல்கிறவர்களின் அவசரம்.

வீட்டின் பின்னால், கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவே, தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை வைத்திருந்தார். அங்கே நின்றால் கூரை விளிம்புக்கு மேலே மலை முழுதாகத் தெரியும். அவர் அந்தப் பக்கம் திரும்பி நான் பார்த்ததில்லை. இரும்பைக் கவ்விப் பிடிக்க ஒரு பெரிய வைஸ், சாணைக்கல், கால் மிதியால் ஓடும் சின்னக் கடைசல் லேத், மேஜைமேல் நிற்கும் டிரில் மெஷின். சுவரில் பலகை அடித்து, ஒவ்வொரு கருவியின் வடிவத்தையும் கறுப்புப் பெயிண்டால் வரைந்து, அதன்மேல் அந்தக் கருவியை மாட்டியிருப்பார். ஸ்பேனர் இல்லாத இடத்தில் ஸ்பேனரின் நிழல் தொங்கும். யாராவது இரவல் வாங்கிப் போனால், அது திரும்பி வரும்வரை அந்த நிழலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இதையும் எழுதாமல் விட்டால் அவருக்கு அநியாயம் செய்தவனாவேன். தெருப் பொதுக்கிணற்றின் உருளை உடைந்தபோது ஒரு நாள் முழுக்க நின்று புதிதாகக் கடைந்து கொடுத்தார். கதவுக் கீல், இரும்புக் கட்டில் கால், பம்பு செட்டின் வாஷர் என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் செய்வார். கூலி வாங்கமாட்டார். செய்து கொடுத்தது சரியாக இல்லையென்று யாராவது திரும்பி வந்தால் மட்டும் அவர் முகம் மாறும்.

அப்படித்தான் ஒரு வெள்ளைக்காரர் வந்தார். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்தவர். சைக்கிள் கேரியரில் மாட்டும் ஓர் இரும்புப் பட்டையில் இரண்டு ஓட்டை போட்டுத் தரச்சொன்னார். போட்ட ஓட்டைகளில் அவருடைய போல்ட்டு நிற்காமல் லொடலொடவென்று ஆடியது. துளைக்கும் பிட்டு நேராகச் சுற்றாமல் அலைந்து, ஓட்டையைப் பெரிதாக்கிவிட்டிருந்தது. வெள்ளைக்காரர் கும்பிட்டுவிட்டுப் போனார். "சீமை இரும்புன்னு நம்பிட்டேன். உள்ள வெத்து" என்றார் இவர்.

அந்த ஆட்டம் எப்போது வந்தது என்பதற்கு நான் சாட்சி. எழுபத்தெட்டு என்று நெடுநாள் நினைத்திருந்தேன். எண்ணிப் பார்த்தால் எழுபத்தேழு ஐப்பசிதான், ஏனென்றால் அந்த மழையில்தான் மாடிச் சுவர் ஊறி என் புத்தகங்களை இறக்கிக் கீழே வைக்கவேண்டி வந்தது. டிரில் மெஷினில், பிட்டை மூன்று தாடைகளால் கவ்விப் பிடித்துக்கொண்டு சுற்றுகிற உருளைக்குச் சக்கு என்று பெயர். அது மேலே உள்ள தண்டின் நுனியில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். கழற்ற வேண்டுமென்றால் இரண்டு ஆப்புகளை எதிரெதிராக நுழைத்து மெல்ல நெருக்க வேண்டும். அன்றைக்கு மழையில் துருவேறி அது கழலவில்லை. அவர் ஆப்பைத் தேடவில்லை. சுத்தியலை எடுத்துப் பக்கவாட்டில் ஓங்கி அடித்தார். மறுபடி அடித்தார். சக்கு விழுந்தது. திரும்ப மாட்டிய பிறகுதான் பிட்டு ஆட ஆரம்பித்தது. அடி போய் இறங்கியது தண்டின் மேல், வளைந்தது அதுதான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. சக்கு தேய்ந்துவிட்டது என்று அதைப் பழைய இரும்பில் போட்டார்.

பேகோபுரம் பக்கம் பழைய இரும்புக் கடை வைத்திருந்த பாயிடம் வேறு சக்குக்குச் சொல்லி வைத்தார். அது எழுபத்தொன்பது வைகாசியில் வந்தது. அதே வைகாசியில்தான் அவர் மகனுக்குக் கல்யாணமாகி, போளூர்ப் பக்கத்து கிராமத்திலிருந்து மருமகள் வந்தாள். மகன், வேலூருக்குப் போகும் தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டர். பஸ்ஸில் நாள் முழுக்கக் கத்தியதாலோ என்னவோ, வீட்டில் அவன் பேசிக் கேட்டதே குறைவு.

அந்தப் பெண் நன்றாகப் பேசுவாள். பெயரைச் சொல்லாமல் போளூர்ப் பெண் என்றே எழுதுகிறேன். தெருவும் அப்படித்தான் சொன்னது. அவள் அப்பா கிணற்று மோட்டார்களைக் கழற்றி மாட்டத் தெரிந்த விவசாயி. "எங்க நைனாவுக்கு டார்ச் புடிச்சுப் புடிச்சே என் தோளு ஒரு பக்கம் எறங்கிப்போச்சு" என்பாள். வந்த சில நாளிலேயே பட்டறைக்குள் போய் நின்றாள். அதுவரை அந்த வீட்டில் யாரும் அங்கே போய் நின்றதில்லை. அவர் மகிழ்ந்துபோனார். அதையும் நான் பார்த்தேன். "எங்கம்மா, அந்த எண்ணெய்க் கேனை எடு" என்பார். தன் மகனை அவர் அப்படி வாய் நிறையக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

வந்த சக்கு பார்க்க மண்ணாங்கட்டிபோல இருந்தது. துருவும் பழைய கிரீஸும் சேர்ந்து இறுகி, தாடைகளைத் திறந்து மூடும் சாவியைப் போட்டால் திரும்பவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எனாமல் பேசினில் மண்ணெண்ணெய் ஊற்றி அதை ஊறப்போட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் கீழே இறங்கிப் போய் உட்கார்ந்துகொண்டேன். இந்த முறை அவர் சுத்தியலைத் தொடவில்லை. வைஸின் இரண்டு பக்கமும் மரத்துண்டு வைத்து, ஒரு குழாய்த் துண்டைக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கினார். ஒரு சின்னச் சத்தத்தோடு வெளி வளையம் நழுவி வந்தது. உள்ளே இரண்டு பாதியாகப் பிளந்த ஒரு நட்டு. அதை எடுத்ததும் மூன்று தாடைகளும் தளர்ந்து வந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் எண் பொறித்திருந்தது.

"வரிசை மாறக்கூடாது. மாறுச்சுன்னா ஒண்ணு நீட்டிக்கும், ஒண்ணு உள்ள போயிடும். ஒண்ணாக் கவ்வாது" என்றார்.

அவள் செய்தித்தாளை விரித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று வைத்து, நட்டின் இரண்டு பாதிகளையும் ஒரு நூலால் சேர்த்துக் கட்டினாள். "சோடி பிரியக்கூடாதில்ல?" என்றாள். "அதேதான்" என்றார் அவர்.

பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மரையின் ஒவ்வோர் இடுக்கிலும் இருந்த அழுக்கை எடுத்தார். மெல்லிய உப்புத்தாளில் எண்ணெய் தொட்டு வளையத்தைத் தேய்த்தார். துரு போகப் போக உள்ளேயிருந்து ஒரு வெள்ளி நிறம் வந்தது, எழுத்துகள் வந்தன, பல்சக்கரத்தின் பற்கள் ஒன்றுகூட உடையாமல் வந்தன. அவர் முகத்தில் அப்போது இருந்த பொறுமையை நான் கோயில் கல்வெட்டைத் துடைத்துப் படிக்கிறவர்களிடம் கண்டிருக்கிறேன். திரும்பப் பூட்டி, சாவி போட்டுத் திருகியபோது மூன்று தாடைகளும் ஒரே நேரத்தில் வந்து ஒன்றையொன்று தொட்டன. நடுவில் முடி நுழைய இடமில்லை.

"பாய் ஏமாத்தலம்மா" என்றார்.

அதற்குப் பிறகுதான் டயலை எடுத்தார். அது சின்னக் கடிகாரம்போல ஒரு முள் வைத்த அளவுகருவி. பட்டாளத்திலிருந்து வரும்போது சொந்தமாக வாங்கி வந்தது. வெல்வெட் வைத்த பெட்டியில் இருக்கும். "இது ஒண்ணு மட்டும் பொய் சொல்லாது தம்பி" என்பார். சக்கை மெஷினில் மாட்டி, அதில் ஒரு நேரான எஃகுக் கம்பியைக் கவ்வக் கொடுத்து, டயலின் மூக்கை அந்தக் கம்பிமேல் தொடவைத்தார். மேலே தண்டோடு சேர்ந்து சுற்றும் பெல்ட் சக்கரமான புல்லியை மருமகள் கையால் மெல்லச் சுற்றினாள். கம்பி நேராகச் சுற்றினால் முள் அசையக் கூடாது.

முள் ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

கழற்றினார். துடைத்தார். மாட்டினார். ஏறியது. மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் போகவில்லை. எத்தனையோ தடவை கழற்றி மாட்டிய பிறகு அந்தப் பெண் சொன்னாள்:

"மாமா, ஒண்ணு பாத்தீங்களா? சக்கை நீங்க எப்படித் திருப்பி மாட்டினாலும், இந்தப் புல்லியில இருக்கிற ஸ்க்ரூ முன்னால வர்றப்பதான் முள்ளு ஏறுது."

"அதனால?"

"சக்குல கோளாறுன்னா, சக்கைத் திருப்பி மாட்டினா முள்ளு ஏறுற இடமும் மாறணுமில்ல? மாற மாட்டேங்குதே. சக்கைக் கழட்டி வெச்சிட்டு வெறும் தண்டுமேல டயலை வெச்சுப் பாத்தா இன்னா மாமா?"

அவர் அவளைத் திட்டவில்லை. சிரித்தார். "அது என் மெஷினும்மா. வாங்குறப்பவே பாத்து எடுத்தது."

நான் குறுக்கே போனேன். சர்வே ஆபீஸில் படம் வரைகிறவன் நான். "எங்க ஆபீஸ்ல நிலத்தை அளக்கப் போறதுக்கு முன்னால சங்கிலியை அளந்து பாப்பாங்க சார்."

"அது ஆபீஸ் சங்கிலி தம்பி. கண்டவன் இழுத்திருப்பான்" என்றார். பிறகு மருமகளைப் பார்த்து, "உன் கைதாம்மா ஆடுது. நிதானமாச் சுத்து" என்றார்.

அவள் நிதானமாகச் சுற்றினாள். ஸ்க்ரூ முன்னால் வந்தது. முள் ஏறியது. அவள் என்னைப் பார்த்து உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அதை நினைக்கும்போதெல்லாம், அன்றைக்கு அது எங்களுக்கு வேடிக்கையாக இருந்ததே என்று கசக்கிறது.

மூன்று வருடம் அந்தச் சக்கோடு மல்லுக்கட்டினார். தாடைகளின் வாயைச் சாணையில் கொடுத்துத் தேய்த்தார். பாயிடம் கொண்டுபோய்ச் சண்டை போட்டார். "சார், சாமான் நல்ல சாமான். உங்க ஊட்டு மெஷினைப் பாருங்க சார்" என்று பாயும் சொன்னார். அன்றோடு அந்தக் கடைக்குப் போவதை நிறுத்திக்கொண்டார்.

அந்த மூன்று வருடத்தில் மருமகளுக்குக் குழந்தை இல்லை. முதல் வருடம் யாரும் பேசவில்லை. இரண்டாவது வருடம் பேசினார்கள். மூன்றாவது வருடம் பேச்சை நிறுத்திவிட்டார்கள், அதுதான் மோசம். அப்போது நாங்கள் வட ஆற்காடு மாவட்டம், பெரிய காரியம் எதற்கும் வேலூர்தான் போகவேண்டும். மாமனாரும் மாமியாரும் அவளை அங்கே ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். திரும்பி வந்த மறுநாள் துணி காயப்போட மாடிக்கு வந்தவள் என்னிடம் சொன்னாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லியாம் அண்ணா. அவரையும் ஒருதரம் கூட்டியாங்கன்னு சொன்னாங்க."

"சார் இன்னா சொன்னாரு?"

"'என் பையனுக்கு இன்னா?'ன்னு கேட்டாரு. டாக்டரம்மா, அதைத்தாங்க பாக்கணுங்குறேன்னாங்க. எழுந்து வந்துட்டாரு." ஒரு புடவையை உதறிக் கொடியில் போட்டாள். "பஸ்ஸுல வர்றப்ப அந்த டாக்டர் சின்னப் பொண்ணு, அனுபவம் கம்மின்னு அத்தைகிட்ட சொல்லிட்டே வந்தாரு. டிக்கெட் குடுத்தவரு பக்கத்துலதான் நின்னுட்டிருந்தாரு. எல்லாம் காதுல விழுந்திருக்கும்."

டிக்கெட் கொடுத்தவர் அவள் புருஷன்.

நான் ஒருமுறை அவரிடம் கேட்கத்தான் செய்தேன். "ரெண்டு பேரையும் தானே சார் வரச் சொன்னாங்க?" அவர் கையிலிருந்த தாடையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நீங்க மாடியில குடியிருக்கிறவரு தம்பி."

எண்பத்திரண்டு ஆடி. புதுசாகக் கல்யாணமான பெண்ணை ஆடி மாதம் அம்மா வீட்டுக்கு அனுப்பி, ஆவணி பிறந்ததும் அழைத்துக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். அது முதல் வருடத்துப் பெண்ணுக்கு. மூன்று வருடமாகக் குடும்பம் நடத்துகிறவளிடம் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். அவர் சொன்னார். அவளுக்குப் பிடிக்கும் என்று முறுக்கு வாங்கிக்கொண்டு வந்து, முறுக்குப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போயிட்டு வாம்மா."

மாமியார் சமையலறை நிலைப்படியில் நின்றிருந்தார். சொம்பைப் பரணில் போடத் தெரிந்த அந்த அம்மாளுக்கு இதை எங்கே தூக்கிப் போடுவதென்று தெரியவில்லை.

அவள் ஒரு துணிப்பை மட்டும் எடுத்துக்கொண்டாள். டிரங்குப் பெட்டியை அறையிலேயே விட்டுவிட்டாள். திரும்பி வருவோம் என்று நம்பியிருக்கிறாள். அல்லது நம்புவதாகக் காட்ட நினைத்திருக்கிறாள். போளூர் வழியாக வேலூர் போகும் பஸ் அவள் புருஷனுடையதுதான். நான் அன்றைக்கு ஆபீஸ் வேலையாக அதே பஸ்ஸில் போனேன். அவன் அவளுடைய பையை வாங்கி சீட்டுக்கு அடியில் வைத்தான். எல்லோருக்கும் டிக்கெட் கொடுத்து முடித்த பிறகு அவளைத் தாண்டிப்போய்ப் பின்னால் நின்றுகொண்டான். போளூரில் அவள் இறங்கினாள். பையை எடுத்துக் கொடுத்தான். அவள் ஏதோ கேட்டாள். அவன் தலையாட்டினான். பிறகு விசில் ஊதினான். பஸ் புறப்பட்டது.

ஆவணி பிறந்தது, புரட்டாசி பிறந்தது, அழைத்துவர யாரும் போகவில்லை. கார்த்திகைக்கு முன்னால் அவள் நைனா மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்தார். சீர் சாமான்களை மிலிட்டரிக்காரரே எடுத்துக் கொடுத்தார். அண்டா, குத்துவிளக்கு, பித்தளைத் தவலை என்று ஒவ்வொன்றையும் துடைத்து, எங்காவது நசுங்கியிருக்கிறதா என்று பார்த்து, வண்டியில் ஏற்றினார். ஒரு கரண்டிகூட வைத்துக்கொள்ளவில்லை. அந்த விஷயத்தில் அவ்வளவு நேர்மை.

"என் பொண்ணுகிட்ட இன்னா குறை கண்டீங்க? அதை மட்டும் சொல்லுங்க" என்று அந்தப் பெரியவர் கேட்டார்.

"குறைன்னு ஒண்ணும் இல்லீங்க. நல்ல பொண்ணு. எங்களுக்குச் சரிப்பட்டு வரல" என்றார் இவர், மிக மரியாதையாக.

வண்டி போன பிறகு பட்டறைக்குப் போய்ச் சக்கைக் கழற்றினார். சாணைக்கல் ஓடும் சத்தம் மாடிவரை கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த தையில் மகனுக்கு இரண்டாம் கல்யாணம். பெண் தண்டராம்பட்டுப் பக்கம். தாய் இல்லை, அப்பா இல்லை, அண்ணன் வீட்டில் வளர்ந்தவள். அவள் பேசவே மாட்டாள். கூப்பிட்டால் வந்து நிற்பாள், போகச் சொன்னால் போவாள். இவரே அவளைப் பட்டறைக்குக் கூப்பிட்டுப் புல்லியைச் சுற்றச் சொல்லிக் கொடுத்தார். முதலில் வந்தவள் இருந்த இடத்தில் இவள் நின்றாள். முள் ஏறிக்கொண்டுதான் இருந்தது. எண்பத்தைந்தாம் வருடம் வந்தபோது அவளுக்கும் குழந்தை இல்லை.

"நம்ம நேரம் தம்பி. ரெண்டும் இப்படியே வந்து வாச்சுது" என்றார் ஒருநாள். விரல் கேட்டைக் காட்டியது.

அந்த வருடத் தீபத்தன்று சாயங்காலம், தேரடித் தெருக் கூட்டத்தில் யாரோ "அண்ணா" என்று கூப்பிட்டார்கள். போளூர்ப் பெண். கொஞ்சம் பருத்திருந்தாள். இடுப்பில் ஒரு பையன், கையில் பொரி உருண்டையோடு. பக்கத்தில் நின்றவரைக் காட்டி, "எங்க ஊட்டுக்காரரு. உறவுலதான், பழைய தாலியை அறுத்துக் கட்டிக்கிட்டாரு" என்றாள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அத்தை எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். புருஷனாக இருந்தவனைப் பற்றிக் கேட்கவில்லை. பிறகு, "மாமாவோட சக்கு சரியாச்சா?" என்றாள்.

"எங்கம்மா? தேச்சுத் தேச்சுத் தாடை எல்லாம் மொட்டையாயிடுச்சு. சின்ன பிட்டு எதுவும் நிக்கிறதில்ல."

"அய்ய, நல்ல சக்கு அண்ணா அது" என்றாள். நிஜமாகவே வருத்தப்பட்டாள். அந்த வீட்டைப் பற்றி அவள் வருத்தப்பட்டுப் பேசியது அது ஒன்றுக்குத்தான். "வெறும் தண்டுல டயலை வெச்சுப் பாக்கச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க."

மலைமேல் தீபம் ஏறியது. எல்லோரும் அரோகரா என்று கத்தினார்கள். பையன் மிரண்டு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

மறுநாள் காலை நான் கீழே போய் எல்லாவற்றையும் சொன்னேன். யார் சொன்னது என்பதையும் சொன்னேன். இடுப்பில் இருந்த பையனையும் சொன்னேன். மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவர் செய்தித்தாளை மடித்துக் கீழே வைத்தார். "அப்படியா?" என்றார். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது. அவர் மகன் டியூட்டிக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவன், போட்டு முடிக்காமலே வெளியே போனான்.

அவர் எழுந்து பட்டறைக்குப் போனார். நானும் போனேன். வராதே என்று அவர் சொல்லவில்லை. மருமகளைக் கூப்பிட்டார். ஆப்புகளை எடுத்து, எதிரெதிராக நுழைத்து, நிதானமாக நெருக்கிச் சக்கைக் கழற்றினார். அதைத் துடைத்து மேஜைமேல் வைத்தார். வெல்வெட் பெட்டியைத் திறந்து டயலை எடுத்து, வெறும் தண்டின்மேல் அதன் மூக்கைத் தொடவைத்தார்.

"சுத்தும்மா."

அவள் சுற்றினாள். ஸ்க்ரூ பின்பக்கம் இருந்து மெல்ல முன்னால் வந்தது. முள் ஏறியது. ஸ்க்ரூ தாண்டிப் போனது. முள் இறங்கியது.

"இன்னொரு தரம்."

மறுபடி ஏறி இறங்கியது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மாட்டிக்கொண்டார். கூரைமேல் காக்கை நடக்கும் சத்தம் கேட்டது. அந்த வீட்டுக்கு வந்து மூன்று வருடமாகத் தானாக ஒரு வார்த்தை பேசியிராத அந்தப் பெண் அப்போது சொன்னாள்:

"இப்ப சக்கே இல்லியே மாமா."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு டயலைப் பார்த்தார். அதைக் கழற்றி, மூக்கைத் துடைத்து, வெல்வெட்டுக்குள் படுக்கவைத்து மூடினார்.

"டயல் போச்சு" என்றார். "எவ்ளோ நாள்தான் உழைக்கும்?"

பெட்டியை அவள் கையில் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். ஆனால் உள்ளே போகவில்லை. மேஜைமேல் இருந்த சக்கையும், மேலே நின்ற தண்டையும், அவர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றாள். பிறகு, யாரும் சொல்லாமல், புல்லியை இன்னொரு தரம் தன் கையால் சுற்றிப் பார்த்தாள்.

அதன் பிறகு அவர் அவளைப் பட்டறைக்குக் கூப்பிடவில்லை. பொங்கல் போயிற்று, கோடை போயிற்று. எண்பத்தாறு ஆடி பிறந்த அன்று காலையில் கீழே அவர் குரல் கேட்டது. கோபமில்லாத, நல்ல குரல்.

"ஆடிக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வாம்மா."

நான் மாடிப்படியில் நின்றேன். அவள் அறைக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தாள். துணிப்பை இல்லை. டிரங்குப் பெட்டியைத் தலைமேல் வைத்துக்கொண்டு வந்தாள். கேட்டைத் தாண்டும்போது ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கேட்டைத் தானே சாத்திவிட்டுப் போனாள்.